பன்றிக் குட்டிகளின் வயிற்றோட்டமும் தாய்ப்பன்றிக்கு ஏற்றும் தடுப்பூசியும்

(கமக்காரர்களுக்கு நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நெல் வயலும் மரக்கறித் தோட்டமும் உங்கள் முதன்மையான தொழில்களாகும். ஆயினும் வளவின் ஒரு புறத்திலே இரண்டொரு பன்றிகளையும் வளர்ப்பவர்கள் உங்களுட் பலர் உளர். ஆலையிலிருந்து வரும் தவிட்டையும், தோட்டத்திற் கழிக்கப்படும் கோவா இலையையும், வற்றாளைக் கொடியையும், விலைபோகாத பூசணிக்காயையும் பன்றியானது இறைச்சியாகவும் எருவாகவும் மாற்றித் தருகின்றது. வெள்ளம் நெல்லை அழித்த போகத்திலும், மரக்கறி விலை வீழ்ந்த மாதத்திலும், ஓர் ஈற்றுக் குட்டிகளை விற்ற பணமே குடும்பத்தைத் தாங்குவதுண்டு.

அப்பணம் கைக்கு வராமற் போவதற்குரிய பெருங் காரணங்களுள் ஒன்று குட்டிகளின் வயிற்றோட்டமாகும். மாலையிலே நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் மறுநாட் காலையில் வால் நனைந்து, கண் குழி விழுந்து, ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சோர்ந்து கிடக்கும். நண்பகலுக்குள் இரண்டு மூன்று இறந்துவிடும். அப்பொழுதுதான் சிலர் கால்நடை வைத்தியரிடம் ஓடிச் சென்று, குட்டிகளுக்குத் தடுப்பூசி ஏற்றும்படி கேட்பர். ஆனால் அவ்வேளையிற் குட்டிக்கு ஏற்றும் தடுப்பூசியால் யாதொரு பயனுமில்லை. இந்நோய்க்குரிய ஊசி, குட்டி பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே தாய்க்கு ஏற்றப்பட வேண்டியதாகும். அது ஏன், எப்பொழுது, எவ்வாறு என்பவற்றையும், ஊசி ஏற்றிய பின்னர் நாம் செய்ய வேண்டியவற்றையும் இன்று உங்களுக்கு எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

நோய் உண்டாகும் விதம்

பிறந்த முதற் சில நாட்களிற் குட்டிகளைத் தாக்கும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஈ. கோலை என்னும் பற்றீரியாவாகும். தியோடர் எசரிக் என்னும் குழந்தை வைத்தியர் 1885ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அவர் பெயரே இதற்கு வழங்குகின்றது. இப்பற்றீரியா மனிதர், விலங்குகள் ஆகியோரின் குடலில் எப்பொழுதும் வாழ்வது. இதன் வகைகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆகவே இதனைக் கொட்டிலிலிருந்து முற்றாக ஒழித்துவிட எவராலும் இயலாது.

தீங்கு செய்யும் வகைகளுக்கு இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று, அவற்றின் உடலைச் சுற்றி மயிர்போல அமைந்துள்ள நுண்ணிய இழைகள். நாயுருவிக் காய் வேட்டியில் ஒட்டிக்கொள்வதுபோல, இவ்விழைகளின் உதவியால் பற்றீரியா குடற் சுவரிலே ஒட்டிக்கொள்கின்றது. மற்றது, ஒட்டிய இடத்திலிருந்து அது வெளியிடும் நஞ்சு. அந்நஞ்சினாற் குடற் சுவர், உடலிலுள்ள நீரையும் உப்பையும் குடலுக்குள்ளே கொட்டத் தொடங்குகின்றது. மடை உடைந்தால் வயலில் நின்ற நீரெல்லாம் வடிந்து போவதைக் கண்டிருக்கின்றீர்கள். அவ்வாறே குட்டியின் உடல்நீர் மஞ்சளாகவோ வெளிறியோ கழிந்துவிடுகின்றது. பிறக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையே உள்ள குட்டி, இவ்விழப்பை ஒரு நாள் தாங்குவதும் அரிது.

ஒட்டமுடியாத பற்றீரியா பாலோடு சேர்ந்து கீழே சென்றுவிடும். அதனால் தீங்கு விளைவதில்லை. எனவே நோயைத் தடுப்பதற்கு வழி, இழைகள் குடலில் ஒட்டாதவாறு செய்வதேயாம். தடுப்பூசி செய்யும் வேலை இதுவே.

குட்டி வெறுங்கையோடு பிறக்கின்றது

மனிதக் குழந்தை கருவில் இருக்கும்போதே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்க்கும் பொருள்களிற் சிலவற்றைப் பெற்றுக்கொள்கின்றது. பன்றிக்கு அவ்வாறில்லை. பன்றியின் நச்சுக்கொடி அப்பொருள்களைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. ஆகவே தாய் எவ்வளவு பலமுள்ளதாயினும், அதன் குட்டி அக்காப்பு எதுவுமின்றியே நிலத்தில் விழுகின்றது.

இக்குறையை நிறைவு செய்வதற்காக இயற்கை அளித்த கொடையே கடும்புப் பால். தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் கடும்புப் பாலிற் செறிந்து வந்து சேர்கின்றன. குட்டியின் குடலும் பிறந்தவுடன் அப்பொருள்களை அப்படியே இரத்தத்துக்குள் ஏற்றுக்கொள்ளத்தக்கதாய்த் திறந்திருக்கின்றது. ஆனால் அக்கதவு நெடுநேரம் திறந்திருப்பதில்லை. மணிக்கு மணி அது ஒடுங்கி, ஏறத்தாழ ஒரு நாளில், பிந்தினால் ஒன்றரை நாளில், மூடிவிடுகின்றது. கடும்புப் பாலின் செறிவும் அதே வேளையில் விரைவாகக் குறைந்துவிடுகின்றது. பின்னர் வரும் சாதாரணப் பாலிலும் ஓரளவு காப்பு உண்டு. அது இரத்தத்திற் சேராவிடினும், குடலினுள்ளே நின்று, பால் குடிக்கும் காலம் முழுவதும் பற்றீரியா ஒட்டாது தடுக்கும்.

தாயிடம் எந்த நோய்க்கு எதிர்ப்புப் பொருள் உள்ளதோ, அந்த நோய்க்கே கடும்புப் பாலும் காப்பளிக்கும். தாயிடம் இல்லாததைப் பால் தரமுடியாது. தலையீற்றுப் பன்றியின் குட்டிகள் இந்நோயினால் மிகுதியாக வருந்துவதற்கு இதுவே காரணம். பல ஈற்றுக் கண்ட பன்றி, கொட்டிலிலுள்ள பற்றீரியாக்களோடு பழகி அவற்றுக்கு எதிர்ப்பைப் பெற்றிருக்கும். இளம் பன்றியோ அவ்வாறு பெற்றிருப்பதில்லை.

இந்த உண்மையை ஆதாரமாகக் கொண்டு 1973ஆம் ஆண்டில் றட்டர், ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இங்கிலாந்திலே ஒரு சோதனை நடத்தினர். பற்றீரியா ஒட்டுவதற்கு உதவும் இழைப் பொருளைச் சினைப் பன்றிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினர். அப்பன்றிகளின் பாலைக் குடித்த குட்டிகள் நோயினின்றும் காக்கப்பட்டன. இன்று உலகெங்கும் வழங்கும் ஈ. கோலைத் தடுப்பூசிகள் இவ்வழியைப் பின்பற்றியே ஆக்கப்பட்டவை.

ஊசி ஏற்றவேண்டிய காலம்

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். அதாவது மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். முதன்முறையாக ஊசி பெறும் பன்றிக்கு இரண்டு ஊசிகள் வேண்டும். பெரும்பாலான மருந்துகளில், முதலாவது ஊசி ஈனுவதற்கு ஐந்து முதல் எட்டு வாரங்களுக்கு முன்னரும், இரண்டாவது ஊசி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்னரும் ஏற்றப்படும். அடுத்தடுத்த ஈற்றுகளில், ஈனுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஓர் ஊசி பொதுவாகப் போதுமானது. மருந்துக்கு மருந்து காலம் வேறுபடுமாதலால், போத்தலோடு வரும் தாளிலுள்ளபடியும் கால்நடை வைத்தியர் கூறும்படியும் நடத்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவேன். உங்கள் பெண் பன்றியை ஜனவரி 1ஆம் திகதி கடுவனுடன் சேர்த்தீர்களென்று வைத்துக்கொள்வோம். அது சாதாரண ஆண்டில் ஏப்பிரல் 25ஆம் திகதியளவில் ஈனும். ஐந்து வாரமும் இரண்டு வாரமும் என்னும் முறைப்படியாயின், முதலாவது ஊசிக்குரிய நாள் மார்ச் 21. இரண்டாவது ஊசிக்குரிய நாள் ஏப்பிரல் 11. கடுவனுடன் சேர்த்த நாளைக் குறித்து வைக்காதவர் இக்கணக்கைப் பார்க்க முடியாது. ஆகவே அந்நாளைக் கொட்டிலின் சுவரிலேனும் எழுதி வையுங்கள். விதைத்த நாளை மறந்தவன் அறுவடை நாளை அறியான் அல்லவா?

ஊசியை ஈனும் நாளுக்கு மிக அண்மையில் ஏற்றினால், எதிர்ப்புப் பொருள் உண்டாகிப் பாலிற் சேர்வதற்குக் காலம் போதாது. மருந்து எப்பொழுதும் கையிருப்பில் இருக்குமென்று எண்ணுவதும் தவறு. பன்றி சினைப்பட்டது உறுதியானவுடனேயே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்று, எம்மருந்து கிடைக்கும், எப்பொழுது கிடைக்கும் என்பவற்றைக் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

மருந்தைப் பேணும் முறை

தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருத்தல் வேண்டும். வெயிலில் வைத்தால் அது கெடும் என்பது பலருக்குத் தெரியும். பனிக்கட்டியாய் உறைந்தாலும் கெடும் என்பது சிலருக்கே தெரியும். ஆகவே குளிர்சாதனப் பெட்டியின் உறையும் அறையில் அதனை வைக்கலாகாது. எடுத்துச் செல்லும்போது குளிர்ப் பெட்டியில் வைத்து, போத்தல் பனிக்கட்டியை நேரே தொடாதவாறு துணியினாற் சுற்றுங்கள். ஒருமுறை உறைந்த மருந்து உருகிய பின் பார்வைக்கு நல்லதுபோலத் தோன்றினும் அதனை நம்பலாகாது.

ஏற்றுமுன் போத்தலை நன்றாகக் குலுக்குதல் வேண்டும். காதின் பின்புறத்திலுள்ள கழுத்துத் தசையில், சுத்தமான உலர்ந்த இடத்தில், கொதிநீரில் அவித்த அல்லது புதிய ஊசியால் ஏற்றுதல் வேண்டும். திறந்த போத்தலை அன்றே முடித்துவிடுங்கள். சினைப் பன்றியைத் துரத்தியும் அடித்தும் பிடிக்காது, காலை அல்லது மாலைக் குளிர்ச்சியில், தீனி உண்ணும் வேளையில் அமைதியாக இவ்வேலையை முடிப்பது நன்று. ஊசி ஏற்றிய இடத்திற் சிறு வீக்கமும், ஒரு நாள் மந்தமும் காணப்படலாம். அவை தாமே தணியும். எண்ணெய் கலந்த மருந்து தவறுதலாக உங்கள் கையிற் குத்திவிடின், காயம் சிறிதாயினும் உடனே மருந்துப் போத்தலோடு ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள்.

ஈனும் நாளில் உங்கள் கடமை

ஊசி ஏற்றியதோடு வேலை முடிந்துவிட்டதென எண்ணுபவர் பாதி வேலையையே செய்தவராவர். மருந்து தாயின் உடலில் இருக்கின்றது. அது குட்டியின் வயிற்றைச் சேர்வது கடும்புப் பால் வழியாக மட்டுமே. கடும்புப் பால் குடியாத குட்டிக்கு, தாய்க்கு ஏற்றிய ஊசி ஏற்றாததற்குச் சமமாகும்.

எனவே ஈனும் நாளில் வயல் வேலையைச் சற்றே தள்ளி வைத்து, பன்றியின் அருகில் இருங்கள். பிறந்த ஒவ்வொரு குட்டியையும் துடைத்து, உலர்த்தி, உடனே முலைக்கு விடுங்கள். முதல் நாளில் ஒரு குட்டி 200 முதல் 250 கிராம் வரை கடும்புப் பால் பெறுதல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு குட்டிகள் உள்ள ஈற்றிலே பலமுள்ளவை முலைகளைப் பிடித்துக்கொள்ள, சிறியவை ஒதுக்கப்பட்டுவிடும். அவ்வாறாயின், வயிறு நிறையக் குடித்த பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் வெப்பமான பெட்டியில் அடைத்து வைத்து, சிறியவற்றுக்கு இடம் கொடுங்கள். ஒரு தாயின் குட்டியை வேறொரு தாயிடம் மாற்ற வேண்டியிருப்பின், முதலிற் சொந்தத் தாயின் கடும்புப் பாலைக் குடிக்கச் செய்து பின்னரே மாற்றுங்கள்.

அடுத்தது வெப்பம். புதிதாய்ப் பிறந்த குட்டிக்கு 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். குளிரில் நடுங்கும் குட்டி பால் குடியாது. அதன் குடலின் அசைவும் தளர்ந்துவிடும். தங்கி நிற்கும் பற்றீரியா பெருகிவிடும். நுவரெலியா போன்ற மலைநாட்டுத் தோட்டங்களில் எக்காலமும், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழி, தை மாத இரவுகளிலும் இது பற்றிக் கவனம் வேண்டும். காற்று வீசாத மூலையொன்றில் உலர்ந்த வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, குட்டிகள் எட்டாத உயரத்தில் ஒரு மின்குமிழைத் தொங்கவிடுங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கிடப்பின் வெப்பம் போதாது. விளக்கைவிட்டு விலகி ஓடின் வெப்பம் மிகை. பரந்து படுத்து உறங்கின் அதுவே அளவு.

மூன்றாவது சுத்தம். ஈனும் அறையைச் சாணம் நீக்கி, சவர்க்கார நீராற் கழுவி, சுண்ணாம்பு பூசி, நன்றாக உலரவிட்டுச் சில நாட்கள் வெறுமையாக வைத்திருங்கள். ஈரமே இந்நோயின் நண்பன். தாயின் மடியையும் கால்களையும் கழுவிய பின்னரே அறைக்குள் விடுங்கள். தடுப்பூசி ஓர் அணை. ஆனால் அசுத்தம் பெருவெள்ளமாக வந்தால் எந்த அணையும் உடையும்.

இவ்வூசி தடுக்காத நோய்கள்

எல்லா வயிற்றோட்டத்துக்கும் இது மருந்தென்று நான் கூறவில்லை. பிறந்து மூன்று நாட்களுக்குள் இரத்தம் கலந்து கழிவது குளொஸ்திரிடியம் என்னும் வேறொரு பற்றீரியாவின் செயலாயிருக்கலாம். அதற்குரிய மருந்தும் தாய்க்கே ஏற்றப்படுவது. சில தடுப்பூசிகளில் இரண்டும் சேர்ந்திருக்கும். ஒரு வார வயதளவில் மஞ்சள் நிறப் பசைபோலக் கழிவது கொக்சிடியா என்னும் ஒட்டுண்ணியினால் உண்டாகலாம். அதற்கு இவ்வூசி உதவாது. சிறியவை பெரியவை என்ற வேறுபாடின்றி எல்லாப் பன்றிகளும் ஒரே வேளையில் வாந்தியெடுத்துக் கழியுமாயின் வைரசு நோயென்று ஐயுறுதல் வேண்டும். பால் மறந்தபின் வரும் வயிற்றோட்டம் வேறு. தாய்ப்பாலின் காப்பு அப்பொழுது நின்றுவிடுகின்றது.

பெரிய பன்றிகள் கடுங் காய்ச்சலுடன் தீனி மறுத்து, காதும் வயிறும் செந்நிறமாகி, அடுத்தடுத்து இறக்குமாயின், அது பன்றிக் காய்ச்சலாகவோ, 2024ஆம் ஆண்டில் இலங்கையிலும் காணப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஆனால் ஊரிலுள்ள பன்றிகளையெல்லாம் கொண்டுபோகும். அந்நிலையில் நோய்ப் பன்றியை விற்பதும், வெட்டுவதும், இறந்ததை ஆற்றிலோ காட்டிலோ எறிவதும் அயலவரின் சோற்றிலே கை வைப்பதற்கு ஒப்பாகும். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவித்துவிட்டு, பன்றிகளையும் ஆட்களையும் வெளியே செல்லாமல் மறியுங்கள். உணவுக்கடைக் கழிவைத் தீனியாக்குவோர், கிளறியபடி ஒரு மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே கொடுத்தல் வேண்டும்.

நோய் வந்துவிட்டால்

தடுப்பு முறைகளை மீறி வயிற்றோட்டம் தொடங்கினால், முதலில் இழந்த நீரை ஈடு செய்யுங்கள். குளுக்கோசும் உப்பும் உரிய அளவிற் கலந்த நீரைத் தாழ்ந்த பாத்திரத்தில் வைத்து அடிக்கடி மாற்றுங்கள். பால் குடிப்பதை நிறுத்தாதீர்கள். குட்டிகளை உலர்வாகவும் வெப்பமாகவும் வைத்து, வைத்தியரை அழையுங்கள்.

பக்கத்து வீட்டில் மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாங்கி எல்லாக் குட்டிகளுக்கும் கொடுப்பது பலரின் வழக்கம். இது கேடானது. களைநாசினியை அளவின்றித் திரும்பத் திரும்பத் தெளித்த வயலில், அதற்குச் சாகாத களை தோன்றுவதை அறிவீர்கள். பற்றீரியாவும் அத்தகையதே. கொலிஸ்டின் என்பது, வேறு மருந்துகள் பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் மருந்து. அதற்கும் அடங்காத தன்மையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தக்கூடிய ஈ. கோலைப் பற்றீரியாவைச் சீனத்திலே பன்றிகளிற் கண்டதாக 2015ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். பன்றிக் கொட்டிலில் தோன்றிய எதிர்ப்பு, நம் குழந்தையின் நோயைத் தீராததாக்கக்கூடும். தடுப்பூசி அந்த மருந்தின் தேவையையே குறைக்கின்றது.

செலவும் வரவும்

இத்தனை செலவு தகுமா என்று நீங்கள் கேட்கலாம். பத்துக் குட்டி ஈன்ற பன்றியை எடுத்துக்கொள்வோம். நான்கு இறந்து ஆறு மிஞ்சினாலும், அப்பன்றி 114 நாட்களாக உண்ட தீனி பத்துக்கும் உண்டதேயாம். கடுவனுக்குக் கொடுத்த கூலியும், உங்கள் உழைப்பும் அவ்வாறே. இறந்த நான்கின் செலவையும் மிஞ்சிய ஆறே சுமக்கின்றன. நோயிலிருந்து தப்பிய குட்டிகளும் வளர்ச்சி குன்றி, சந்தைக்குப் பிந்தியே செல்லும். ஊசியின் விலையை வைத்தியரிடம் கேட்டு, ஒரு குட்டியின் விலையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று கூறுவேன். பல ஈற்றாக வயிற்றோட்டமே காணாத, சுத்தமான கொட்டிலில் முதிர்ந்த பன்றிகளை வளர்ப்பவருக்கு இவ்வூசி அவசியமில்லாதிருக்கலாம். தலையீற்றுப் பன்றி உள்ளவரும், முந்திய ஈற்றிற் குட்டிகளை இழந்தவரும் இதனைக் கட்டாயம் சிந்தித்தல் வேண்டும். இயலுமாயின், கழிவிலிருந்து சிறிதளவை வைத்தியர் மூலம் சோதிப்பித்து, நோயின் காரணத்தை அறிந்தபின் ஊசியைத் தெரிவு செய்வது நன்று. ஒட்டும் இழைகள் பல வகையின. மருந்திலுள்ள வகையும் கொட்டிலிலுள்ள வகையும் பொருந்தினாலன்றிப் பலன் கிடையாது.

மரக்கறித் தோட்டக்காரருக்கு மேலும் ஒரு வார்த்தை. நோயுற்ற கொட்டிலின் சாணத்தைப் பச்சையாகத் தோட்டத்துக்கு இடாதீர்கள். வைக்கோலோடு சேர்த்துக் குவித்து, சூடேறி உக்கிய பின்னரே பயன்படுத்துங்கள். சமைக்காது உண்ணும் இலைக்கறிப் பாத்திகளில் இது மிகவும் முக்கியம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே கழிவுநீர் விரைவிற் கிணற்றைச் சென்றடையுமாதலால், கொட்டிலைக் கிணற்றுக்குத் தொலைவில் அமையுங்கள்.

கமக்காரப் பெருமக்களே! கூறியவற்றுள் மூன்றையாவது மனத்திற் கொள்ளுங்கள். கடுவனுடன் சேர்த்த நாளை எழுதி வையுங்கள். உரிய வாரங்களில் தாய்க்கு ஊசியை ஏற்றுவியுங்கள். ஈன்ற முதல் நாளிலேயே ஒவ்வொரு குட்டியையும் கடும்புப் பால் குடிக்கச் செய்யுங்கள். இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. ஒன்று தவறின் மற்றவையும் பயனற்றுப் போகும். சினைப் பன்றி கொட்டிலில் உள்ளவர்கள், இன்றே நாட்கணக்கைப் பார்த்து, இவ்வாரத்துக்குள்ளேயே உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரைக் கண்டு பேசுங்கள்.